மொலோக்காயின் தமியான்

அருட்தந்தை தமியான் (சனவரி 3, 1840 – ஏப்ரல் 15, 1889) பெல்ஜியம் நாட்டில் பிறந்த கத்தோலிக்கக் குரு ஆவார். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் மறைப்பணியாற்றிய இவரது இயற்பெயர் யோசேப்பு தெ வூஸ்டர். ஹவாய் அப்போது தனி முடியாட்சி நாடாக இருந்தது. அந்நாட்டு அரசு தொழுநோயாளிகளை மொலோக்காய் தீவின் ஒரு மூலைக்கு நாடு கடத்தி வந்தது. இவர் 1873 ஆம் ஆண்டில் தாமே முன்வந்து அங்கு சென்று குடியேறினார். பதினாறு ஆண்டுகள் நோயாளிகளுடன் வாழ்ந்து, இறுதியில் தாமும் அந்நோய்க்கு ஆளாகி, தமது 49 ஆவது வயதில் அங்கேயே காலமானார். கத்தோலிக்கத் திருச்சபை இவருக்கு 2009 ஆம் ஆண்டில் புனிதர் பட்டம் வழங்கியது. மொலோக்காய் தமியான், தொழுநோயாளரின் திருத்தூதர் என்னும் பெயர்களாலும் இவர் அறியப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

தமியான் பெல்ஜியத்தின் பிளமிய மொழி பேசும் பகுதியில், லூவன் நகருக்கு அருகிலுள்ள திரெமெலோ என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வணிகம் செய்து வந்தார். குடும்பத்தில் ஏழாவது குழந்தையாகப் பிறந்த இவர், சிறு வயதிலேயே பண்ணை வேலைகளிலும் மர வேலைகளிலும் பழகினார். உடல் வலிமை மிக்கவராக வளர்ந்த இவரே தமக்குப் பின் வணிகத்தை ஏற்று நடத்துவார் என்று தந்தை எதிர்பார்த்தார். வணிகத்திற்குப் பிரெஞ்சு மொழி தேவைப்பட்டதால், பிரெஞ்சு பேசும் பகுதியிலுள்ள பிரேன்-ல-கொந்த் என்ற ஊருக்குப் படிக்க அனுப்பப்பட்டார்.

ஆயினும் இவரது நாட்டம் துறவு வாழ்க்கையின் பக்கம் திரும்பியது. இரு தமக்கையர் ஏற்கெனவே கன்னியராகியிருந்தனர். தமையன் ஒருவர் பம்பில் என்ற துறவுப் பெயருடன், இயேசு மரி திரு இருதயங்களின் சபையில் சேர்ந்து லூவனில் பயின்று வந்தார். தமியானும் 1859 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே சபையில் சேர்ந்தார்.

துறவறப் பயிற்சி

இலத்தீன் மொழி அறியாதவர் என்பதால் இவர் குருத்துவப் பயிற்சிக்கு ஏற்கப்படவில்லை. உடலுழைப்புப் பணிகளைச் செய்யும் துறவறச் சகோதரராக மட்டுமே சேர்த்துக்கொள்ளப்பட்டார். தமையன் பம்பில் ஓய்வு நேரங்களில் இவருக்கு இலத்தீன் கற்பித்தார். இவர் அம்மொழியை விரைவாகக் கற்றதைக் கண்ட மேலாளர்கள் பின்னர் குருத்துவக் கல்வி பயில இசைவு அளித்தனர். 1860 அக்டோபர் 7 அன்று இவர் துறவற வாக்குறுதி அளித்தார். பழங்காலத்தில் மருத்துவராக வாழ்ந்து மறைசாட்சியாக இறந்த புனித தமியானின் பெயரைத் தமது துறவுப் பெயராக ஏற்றார்.

பயிற்சிக் காலத்தில் இவர் புனித பிரான்சிசு சவேரியாரின் படத்தின் முன் நின்று, தம்மையும் தொலை நாட்டுக்கு அனுப்பவேண்டும் என நாள்தோறும் மன்றாடியதாக இவரது வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 16 ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய அதே சவேரியாரே கத்தோலிக்க மறைப்பணியாளர்களுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டு வந்தார்.

ஹவாய் நோக்கிய பயணம்

இச்சபையினர் 1827 முதல் ஹவாயில் பணியாற்றி வந்தனர். எனினும் அவர்களுக்கு முன்னரே, 1820 இல், அமெரிக்கப் புரட்டஸ்தாந்து மறைப்பணியாளர்கள் அங்கு வந்து அரச குடும்பத்தின் ஆதரவைப் பெற்றிருந்தனர். அவர்களை அனுப்பிய அமெரிக்க மிசன் சங்கமே யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பள்ளிகளையும் அச்சகத்தையும் நடத்திய சங்கம் என்பது குறிப்பிடத்தக்கது. கத்தோலிக்கக் குருக்கள் 1831 இல் ஹவாயிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1839 இல் சமய உரிமை வழங்கப்பட்ட பின்னரே அவர்களால் தடையின்றிப் பணியாற்ற முடிந்தது. இரு தரப்பாருக்கும் இடையில் நிலவிய போட்டி தமியானின் காலத்திலும் அவரது மறைவுக்குப் பின்னும் தொடர்ந்தது.

1863 ஆம் ஆண்டில் ஹவாய்க்குச் செல்லும் குழுவில் இடம்பெற்றிருந்தவர் பம்பிலே ஆவார். லூவனில் பரவிய டைபசு காய்ச்சலால் தாக்குண்ட மக்களுக்குப் பணிபுரிந்தபோது அவரும் நோயுற்றார். பயணம் செய்ய இயலாத நிலை ஏற்பட்டது. தமியான் அப்போது குருவாகியிருக்கவில்லை. உள்ளூர் மேலாளர்களைக் கேளாமல், பாரிசிலிருந்த சபைத் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, தமையனின் இடத்தில் தம்மை அனுப்புமாறு வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்பட்டது.

செருமனியின் பிரேமர்காபன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பாய்மரக் கப்பல், தென் அமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து மாதங்கள் பயணம் செய்து, 1864 மார்ச் 19 அன்று ஹொனலுலு துறைமுகத்தை அடைந்தது. இரு மாதங்கள் கழித்து, மே 21 அன்று, ஹொனலுலுவிலுள்ள அமைதியின் அன்னை பேராலயத்தில் தமியான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெல்ஜியத்திற்கு இவர் மீண்டும் திரும்பவேயில்லை.

பெரிய தீவில் முதற்பணி

புதிய குருவுக்கு ஹவாய்க் கூட்டத்தில் மிகப் பெரியதான ஹவாய்த் தீவில் பணி வழங்கப்பட்டது. முதலில் பூனா மாவட்டத்திலும், பின்னர் அதனினும் பரந்த கோகாலா, ஹமகுவா மாவட்டங்களிலும் மொத்தம் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். எரிமலைக் குழம்பு உறைந்த நிலங்களையும் ஆழமான பள்ளத்தாக்குகளையும் கடந்து, சிதறிக் கிடந்த ஊர்களுக்குக் குதிரையிலும் கால்நடையாகவும் சென்று வந்தார். ஹவாய் மொழியைக் கற்று அம்மொழியிலேயே மறையுரை ஆற்றினார். பல இடங்களில் சிறு ஆலயங்களைத் தம் கைகளாலேயே கட்டினார். இளமையில் பழகிய தச்சு வேலை இங்கு கைகொடுத்தது. பின்னாளில் மொலோக்காயில் இவர் செய்தவற்றுள் பெரும்பகுதி இந்த ஒன்பது ஆண்டுகளில் பெற்ற திறன்களின் தொடர்ச்சியே ஆகும்.

தொழுநோயும் தனிமைப்படுத்தல் சட்டமும்

1778 இல் ஐரோப்பியக் கப்பல்கள் ஹவாய்க்கு வரத் தொடங்கியது முதல், தீவு மக்கள் முன்பு அறிந்திராத பல நோய்களும் வந்து சேர்ந்தன. அம்மை, தட்டம்மை, சளிக்காய்ச்சல், மேகநோய் ஆகியவற்றால் மக்கள்தொகை பெருமளவில் குறைந்தது. 1853 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 73,000 ஆக இருந்த மொத்த மக்கள்தொகை, 1872 இல் ஏறத்தாழ 57,000 ஆகச் சுருங்கியது. இந்நிலையில் தொழுநோயும் பரவத் தொடங்கியது. அந்நோய் பரவும் முறையை அக்கால மருத்துவர்கள் எவரும் உறுதியாக அறிந்திருக்கவில்லை; அதனைக் குணப்படுத்தும் மருந்தும் இருக்கவில்லை.

மன்னர் ஐந்தாம் கமேகமேகாவின் ஆட்சியில், 1865 சனவரி 3 அன்று, தொழுநோய் பரவலைத் தடுக்கும் சட்டம் ஒப்புதல் பெற்றது. அதன்படி நோய் இருப்பதாக ஐயுறப்பட்டவர்கள் கைது செய்யப்பட்டு, ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு, நோய் உறுதியானால் வாழ்நாள் முழுதும் தனிமைப்படுத்தப்பட்டனர். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் எனக் குடும்பங்கள் பிளவுபட்டன. இதனால் ஹவாய் மக்கள் தொழுநோயைக் குடும்பத்தைப் பிரிக்கும் நோய் என்னும் பொருள்படும் பெயராலும் அழைத்தனர். நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் ஹவாய்ப் பழங்குடி மக்களே ஆவர்.

நோயாளிகளை வைப்பதற்கு மொலோக்காய் தீவின் வடகரையில் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு சிறு நிலப்பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் மூன்று புறமும் கொந்தளிக்கும் கடல் சூழ்ந்துள்ளது. நான்காவது புறத்தில் பல நூறு மீட்டர் உயரமுள்ள செங்குத்தான மலைச்சுவர் எழுந்துள்ளது. இதனால் காவற்சுவர் எதுவும் இன்றியே அது சிறையாக அமைந்தது. கிழக்குப் பக்கத்திலுள்ள கலாவாவோவில் முதற்குடியிருப்பு ஏற்பட்டது. மேற்குப் பக்கத்திலுள்ள கலாவுபாப்பா பின்னாளில் முதன்மை ஊராயிற்று. 1866 சனவரி 6 அன்று ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களும் அடங்கிய முதற்குழு அங்கு இறக்கிவிடப்பட்டது.

குடியிருப்பின் தொடக்க நிலை

நோயாளிகள் தாமே பயிரிட்டுப் பிழைத்துக்கொள்வர் என அரசு எதிர்பார்த்தது. ஆனால் நோய் முற்றியவர்களால் நிலத்தில் உழைக்க இயலவில்லை. உணவு, உடை, தங்குமிடம், மருத்துவம் அனைத்திலும் கடும் பற்றாக்குறை நிலவியது. இறந்தோரைப் பெட்டியின்றி, ஆழமற்ற குழிகளில் புதைக்கும் நிலையும் இருந்தது. மது, சூதாட்டம், வலியோர் எளியோரைச் சுரண்டுதல் ஆகியவை பற்றிய செய்திகளும் அக்காலப் பதிவுகளில் காணப்படுகின்றன.

எனினும், தமியான் வரும்வரை அங்கு ஒழுங்கே இருக்கவில்லை என்று சில பழைய நூல்கள் சித்திரிப்பது முழு உண்மையன்று. புரட்டஸ்தாந்து நோயாளிகள் 35 பேர் 1866 டிசம்பரிலேயே சீலோவாமா என்ற பெயரில் ஒரு சபையை நிறுவி, பின்னர் ஆலயமும் எழுப்பியிருந்தனர். கத்தோலிக்கருக்கும் 1872 இல் விக்டோரின் என்ற துறவறச் சகோதரர் புனித பிலோமினா சிற்றாலயத்தைக் கட்டியிருந்தார். நோயற்ற உறவினர் பலர் தம் அன்புக்குரியோரைப் பிரிய மனமின்றி உடன் வந்து தங்கிப் பணிவிடை செய்தனர். இவர்கள் கோகுவா எனப்பட்டனர். ஹவாய் மொழியில் அச்சொல் உதவுவோர் எனப் பொருள்படும்.

மொலோக்காய் வருகை

1873 இல் மன்னர் லுனலிலோ அரியணை ஏறிய பின் தனிமைப்படுத்தல் சட்டம் மேலும் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் புதிதாக அனுப்பப்பட்டனர். நோயாளிகளுள் கத்தோலிக்கரும் பலர் இருந்தனர். நிலையான குரு ஒருவர் வேண்டும் என அவர்கள் கேட்டு வந்தனர். அவ்வாண்டு மே மாதம் மாவுய்த் தீவில் நடந்த ஓர் ஆலயத் திறப்பு விழாவின்போது ஆயர் லூயி மெக்ரே இதனைத் தம் குருக்களிடம் எடுத்துரைத்தார். அங்கு செல்வோர் நோய்க்கு ஆளாகக்கூடும் என்பதால் எவருக்கும் கட்டளையிட அவர் விரும்பவில்லை. நான்கு குருக்கள் முன்வந்தனர். ஒருவர்பின் ஒருவராகச் சில மாதங்கள் தங்கிப் பணியாற்றுவது என்பதே திட்டம். முதலில் செல்லும் வாய்ப்பு தமியானுக்குக் கிடைத்தது.

1873 மே 10 அன்று ஆயருடன் தமியான் கலாவுபாப்பாவில் கரையிறங்கினார். அப்போது இவருக்கு வயது 33. குடியிருப்பில் அறுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தனர். தங்குவதற்கு வீடு இல்லாததால், முதல் சில இரவுகளை ஆலயத்தின் அருகே நின்ற தாழை மரத்தின் அடியில் கழித்தார். சில நாட்களிலேயே, சுழற்சி முறை வேண்டாம், தாமே நிலையாக அங்குத் தங்க விரும்புவதாக மேலாளர்களுக்கு எழுதினார். ஹொனலுலுச் செய்தித்தாள்கள் இவரது செயலைப் பாராட்டின. ஆனால் அவ்வாண்டிலேயே நலவாழ்வு வாரியம், நோயாளிகளுக்குரிய கட்டுப்பாடு இவருக்கும் பொருந்தும் எனக் கூறி, குடியிருப்பை விட்டு வெளியேறத் தடை விதித்தது. இத்தடை பின்னர் தளர்த்தப்பட்டது.

குடியிருப்பில் ஆற்றிய பணிகள்

அருவருப்பைக் காட்டாமல் இருப்பதே தம் முதற்கடமை என்று தமியான் கருதினார். தொடக்கத்தில் அழுகிய புண்களின் நாற்றத்தைத் தாங்க இயலாமல் திருப்பலியின் நடுவே வெளியே செல்ல நேர்ந்ததும் உண்டு. அந்நாற்றத்தை மறைக்கவே புகைபிடிக்கும் பழக்கத்தை மேற்கொண்டார். நோயாளிகளைத் தொடக்கூடாது என்று மேலாளர்கள் அறிவுறுத்தியிருந்தனர். ஆனால் இவர் அவர்களது புண்களைக் கழுவிக் கட்டினார், ஒரே கலத்தில் உணவுண்டார், சிறுவர்களுடன் விளையாடினார். தொடாமல் பழகுவது ஹவாய் மக்களின் விருந்தோம்பல் மரபில் அவமதிப்பாகவே கொள்ளப்பட்டிருக்கும்.

இவரது பணிகளுள் முக்கியமானவை:

குடிநீர்: பள்ளத்தாக்கிலிருந்த நீரூற்றிலிருந்து குடியிருப்புக்குக் குழாய் வழியே நீர் கொண்டுவர, நலவாழ்வு வாரியத்திடம் குழாய்களைக் கேட்டுப் பெற்று, நோயாளிகளின் உதவியுடன் அமைத்தார்.

வீடுகள்: புல் குடிசைகளுக்குப் பதிலாக, தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்ட மரவீடுகள் அமையப் பாடுபட்டார். அரசிடம் மரப்பலகைகளைப் பெற்றுத் தாமே தச்சராக நின்று கட்டினார்.

ஆலயம்: புனித பிலோமினா ஆலயத்தைப் பலமுறை விரிவாக்கினார். உமிழ்நீர் மிகுதியாகச் சுரந்த நோயாளிகள் கூச்சமின்றி வழிபாட்டில் கலந்துகொள்ளும் பொருட்டு, ஆலயத்தின் தரையில் துளைகள் அமைக்கப்பட்டன.

அடக்கம்: கல்லறைத் தோட்டத்திற்கு வேலி அமைத்தார். சவப்பெட்டிகளைத் தாமே செய்தார். குழிகளையும் பெரும்பாலும் தாமே வெட்டினார். இறுதிச் சடங்குகளை நடத்துவதற்கென நோயாளிகளின் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். முன்பு பெட்டியின்றிப் புதைக்கப்பட்டோர், பின்னர் இசையோடும் ஊர்வலத்தோடும் அடக்கம் செய்யப்பட்டனர்.

சிறுவர் இல்லங்கள்: பெற்றோரைப் பிரிந்தோ இழந்தோ தனித்து நின்ற சிறுவர், சிறுமியருக்குத் தனித்தனி இல்லங்களை நடத்தினார்.

இசை: பாடகர் குழுவையும் இசைக்குழுவையும் உருவாக்கினார். விரல்களை இழந்தோரும் இசைக்கருவிகளை வாசித்ததைக் கண்டு, பார்வையாளர்கள் வியந்து எழுதியுள்ளனர்.

இப்பணிகள் எதனையும் இவர் தனியே செய்யவில்லை. நோயாளிகளும் கோகுவாக்களும் உடனுழைத்தனர். நிருவாகப் பொறுப்பிலும் நோயாளிகள் இருந்தனர். ஹவாய்க் கலப்பினத்தவரான வழக்குரைஞர் வில்லியம் ராக்ஸ்டேல் தமக்கு நோய் இருப்பதை அறிந்து தாமே 1873 இல் குடியிருப்புக்கு வந்தார். 1877 இல் இறக்கும்வரை அதன் கண்காணிப்பாளராக விளங்கினார். அவருக்குப் பின் தமியான் சிறிது காலம் அப்பொறுப்பை வகித்தார். பின்னாளில் அம்புரோசு ஹட்சிசன் என்ற நோயாளி நீண்ட காலம் அப்பொறுப்பை ஏற்றார்.

மலைச்சுவருக்கு அப்பாலுள்ள மொலோக்காயின் பிற பகுதிகளிலும் தமியான் பணியாற்றினார். கலுவாகாவில் 1874 இலும் கமலோவில் 1876 இலும் இவர் கட்டிய சிற்றாலயங்கள் குறிப்பிடத்தக்கவை.

அரசின் அங்கீகாரம்

1881 செப்டம்பரில், மன்னர் கலாக்காவா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது, அவர் தங்கையும் பதில் ஆட்சியாளருமான இளவரசி லிலியுவோகலானி மொலோக்காய்க் குடியிருப்பைப் பார்வையிட்டார். மக்களின் துயரைக் கண்ட அவரால் தமது உரையைப் படிக்க இயலவில்லை எனக் கூறப்படுகிறது. ஹொனலுலு திரும்பிய பின், கலாக்காவா அரச விருதின் உயர்நிலைப் பட்டம் ஒன்றை அவர் தமியானுக்கு வழங்கினார். ஹவாயின் இறுதி ஆட்சியாளராகப் பின்னர் அரியணை ஏறியவரும் இவரே.

கருத்து வேறுபாடுகள்

தமியான் எளிதில் சினங்கொள்பவராகவும், தம் கருத்தில் பிடிவாதம் உடையவராகவும் இருந்தார் என்று உடன் பணியாற்றியோர் பதிவு செய்துள்ளனர். உதவிக்கு வந்த குருக்களான அந்திரே பர்கர்மன், ஆல்பர்ட் மோந்தித்தோன் ஆகியோருடன் இவருக்கு ஒத்துப்போகவில்லை. அவர்கள் இருவரும் சில ஆண்டுகளில் அங்கிருந்து அகன்றனர். மரப்பலகை, உணவு, மருந்து, துணி எனத் தொடர்ந்து கேட்டு எழுதிய கடிதங்களால் நலவாழ்வு வாரிய அலுவலர்கள் சலிப்புற்றனர்.

இவரது கடிதங்கள் ஐரோப்பாவில் அச்சாகிப் புகழ் பரவியபோது வேறு வகைச் சிக்கல்கள் தோன்றின. இலண்டனில் ஆங்கிலிக்கன் குரு ஹியூ சாப்மன் பெருந்தொகை திரட்டி அனுப்பினார். அரசு தன் கடமையைச் செய்யவில்லை என்ற எண்ணத்தை இது ஏற்படுத்துவதாக ஹவாய் அரசு கருதியது. தமியானின் சொந்தச் சபை மேலாளர்களும் இவர் தற்புகழ் நாடுவதாக ஐயுற்றனர். இறுதி ஆண்டுகளில், நோயின் வலியைக் காட்டிலும் இத்தகைய ஐயமும், ஒப்புரவு அருட்சாதனம் பெற உடன் குரு இல்லாத தனிமையும் இவரை மிகவும் வருத்தின.

நோய்க்கு ஆளாதல்

1880களின் தொடக்கத்திலேயே இவருக்கு இடது காலில் வலி தோன்றியிருந்தது. 1884 டிசம்பரில் ஒருநாள் கால்களைக் கழுவும்போது கொதிநீர் பட்டுத் தோல் கொப்பளித்தது. ஆனால் இவருக்கு வலி தெரியவில்லை. உணர்ச்சியிழப்பு தொழுநோயின் தெளிவான அறிகுறி என்பதை இவர் நன்கு அறிந்திருந்தார். 1885 இல் மருத்துவர் எடுவார்ட் ஆர்னிங் சோதித்து நோயை உறுதிப்படுத்தினார்.

இதன்பின் மேலாளர்கள் இவர் ஹொனலுலுவுக்கு வருவதைத் தடுக்க முயன்றனர். எனினும் 1886 சூலையில் இவர் அங்கு சென்று, சப்பானிய மருத்துவர் மசனாவோ கோத்தோவின் மூலிகைக் குளியல் சிகிச்சையைப் பெற்றார். தற்காலிக நலம் கிடைத்தது. அச்சிகிச்சையை மொலோக்காயிலும் தொடங்க வேண்டும் என முனைந்தார். நோய் தொற்றிய பின் இவரது பணி குறையவில்லை. தம் காலத்திற்குப் பின்னும் பணி தொடரவேண்டும் என்ற அவசரத்தில் கட்டடப் பணிகளை விரைவுபடுத்தினார்.

உதவியாளர்களின் வருகை

நீண்ட காலம் தனித்துப் பணியாற்றிய தமியானுக்கு, இறுதி ஆண்டுகளில் உறுதியான துணைவர்கள் வாய்த்தனர்.

யோசேப்பு டட்டன்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்றவர். 1886 சூலையில் வந்து சேர்ந்து, ஏறத்தாழ 44 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். 1931 இல் காலமானார்.

லாம்பர்ட் கொன்ரார்டி: பெல்ஜிய நாட்டுக் குரு. 1888 மே மாதம் வந்தார். தமியானின் மறைவுக்குப் பின் சீனாவிலும் தொழுநோயாளரிடையே பணியாற்றினார்.

யேம்சு சின்னெட்: அமெரிக்காவிலிருந்து வந்த செவிலியர். தமியானின் இறுதி மாதங்களில் அவருக்குப் பணிவிடை செய்தார்.

அன்னை மரியான் கோப்: நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூசு நகரிலிருந்து பிரான்சிசுக்கன் சகோதரிகளுடன் 1883 இல் ஹொனலுலு வந்தவர். 1888 நவம்பரில் இரு சகோதரிகளுடன் கலாவுபாப்பாவில் குடியேறி, பெண்களுக்கும் சிறுமியருக்குமான இல்லத்தை ஏற்றார். 1918 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவருக்கு நோய் தொற்றவில்லை.

மறைவு

1889 மார்ச் இறுதியில் தமியான் படுக்கையுற்றார். ஏப்ரல் 15 அன்று, புனித வாரத்தின் திங்கட்கிழமை காலையில் காலமானார். முதல் இரவுகளில் தமக்கு நிழல் தந்த அதே தாழை மரத்தின் அடியில், அவரது விருப்பப்படியே அடக்கம் செய்யப்பட்டார். தமையன் பம்பில் 1895 இல் மொலோக்காய்க்கு வந்து சிறிது காலம் பணியாற்றினார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் மேற்கொள்ள இயலாத பயணம் இவ்வாறு நிறைவேறியது.

ஹைடு – இசுட்டீவன்சன் சர்ச்சை

தமியான் இறந்த சில மாதங்களில், ஹொனலுலுவில் வாழ்ந்த புரட்டஸ்தாந்து குரு சார்லசு மக்யூவன் ஹைடு, நண்பர் ஒருவருக்குத் தனிக் கடிதம் எழுதினார். தமியான் தூய்மையற்றவர், முரடர், சீர்திருத்தங்களில் அவருக்குப் பங்கில்லை, ஒழுக்கக்கேட்டினாலேயே நோய் தொற்றியது என்னும் குற்றச்சாட்டுகள் அதில் இருந்தன. அக்கடிதம் ஆத்திரேலியாவில் அச்சாயிற்று.

புகழ்பெற்ற எழுத்தாளர் இராபர்ட் லூயி இசுட்டீவன்சன் 1889 மே மாதம் மொலோக்காய்க் குடியிருப்பில் சுமார் ஒரு வாரம் தங்கி, தமியானை அறிந்த பலரிடம் விசாரித்திருந்தார். அவர் தாமும் புரட்டஸ்தாந்து குடும்பத்தில் பிறந்தவரே. 1890 பிப்ரவரியில் சிட்னியிலிருந்து ஹைடுக்கு ஒரு திறந்த மடல் வெளியிட்டார். தமியானின் குறைகளை அவர் மறைக்கவில்லை. முரட்டுத்தனத்தையும் பிடிவாதத்தையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் பிறர் தத்தம் வசதியான இல்லங்களில் இருந்தபோது, சென்று உழைத்தவர் இவர் ஒருவரே என்பதை வலியுறுத்தினார். இம்மடல் பல நாடுகளில் பரவி, தமியானின் புகழை நிலைநிறுத்தியது. ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

தொழுநோய் பற்றிய அறிவில் ஏற்பட்ட மாற்றம்

தமியான் மொலோக்காய்க்குச் சென்ற அதே 1873 ஆம் ஆண்டில், நோர்வே மருத்துவர் ஆன்சன் தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். ஆனால் அது உலகளவில் ஏற்கப்பட நெடுங்காலம் ஆயிற்று. நோய் பரம்பரையாக வருகிறதா, தொற்றுகிறதா என்ற விவாதம் நிகழ்ந்த காலத்தில், நலமுடன் சென்ற ஓர் ஐரோப்பியர் நோயுற்று இறந்தது உலகக் கவனத்தை ஈர்த்தது.

இவரது நினைவாக 1889 இல் இங்கிலாந்தில் தேசியத் தொழுநோய் நிதி தொடங்கப்பட்டது. அந்நிதியின் உதவியுடன் ஒரு மருத்துவக் குழு 1890–91 இல் இந்தியாவுக்கு வந்து ஆய்வு நடத்தியது. தொழுநோய் பரம்பரை நோயன்று. தொற்றும் தன்மையும் மிகக் குறைவு. எனவே கட்டாயத் தனிமைப்படுத்தல் தேவையில்லை என்பது அக்குழுவின் முடிவு. அதனைப் பொருட்படுத்தாமல் பிரித்தானிய இந்திய அரசு 1898 இல் தொழுநோயாளர் சட்டத்தை இயற்றியது.

மனிதருள் மிகப் பெரும்பான்மையினருக்கு இந்நோயை எதிர்க்கும் இயற்கை ஆற்றல் உண்டு என்பதை இன்றைய மருத்துவம் அறியும். 1940களில் சல்போன் வகை மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தன. அவை 1946 இல் கலாவுபாப்பாவை அடைந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் 1981 இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சையால் நோயை முற்றிலும் குணப்படுத்த இயலும். ஹவாயில் தனிமைப்படுத்தல் சட்டம் 1969 இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை ஏறத்தாழ 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டிருந்தனர். சட்டம் நீங்கிய பின்னும், அதுவே தம் ஊர் எனக் கருதிய பலர் அங்கேயே தங்கினர்.

நினைவும் புனிதர் பட்டமும்

பெல்ஜிய அரசின் வேண்டுகோளின்படி 1936 இல் தமியானின் உடல் தோண்டியெடுக்கப்பட்டு, மெர்க்காத்தர் என்ற பாய்மரக் கப்பலில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மன்னர் மூன்றாம் லியோபோல்டு நேரில் சென்று வரவேற்றார். உடல் லூவன் நகரில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. தம்மிடையே வாழ்ந்து இறந்தவரை எடுத்துச் சென்றது கலாவுபாப்பா மக்களுக்கு மிகுந்த வருத்தத்தை அளித்தது. 1995 இல் இவரது வலக்கையின் எச்சங்கள் திருப்பியளிக்கப்பட்டு, கலாவாவோவிலுள்ள முதற்கல்லறையில் வைக்கப்பட்டன.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 சூன் 4 அன்று பிரசல்சு நகரில் இவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார். 2009 அக்டோபர் 11 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் உரோமையில் இவரைப் புனிதராக அறிவித்தார். இவரது திருவிழா, மொலோக்காயில் கரையிறங்கிய நாளான மே 10 அன்று கொண்டாடப்படுகிறது. அன்னை மரியான் கோப் 2012 இல் புனிதர் பட்டம் பெற்றார்.

ஐக்கிய அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஹவாய் மாநிலத்தின் சார்பில் 1969 முதல் தமியானின் சிலை இடம்பெற்றுள்ளது. சிற்பி மரிசோல் வடித்த அச்சிலை, நோயினால் உருமாறிய முகத்துடனேயே இவரைக் காட்டுகிறது. கலாவுபாப்பா பகுதி 1980 இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2005 இல் பெல்ஜியத்தின் பிளமியத் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் நாட்டின் மிகச் சிறந்த மனிதராகத் தமியான் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மதிப்பீடு

தமியான் எவரையும் தொழுநோயிலிருந்து குணப்படுத்தவில்லை. அதற்கான வழி அவர் காலத்தில் இல்லை. நோயாளிகளை நாடு கடத்திய சட்டத்தையும் அவரால் மாற்ற இயலவில்லை. அச்சட்டம் அவர் இறந்த பின்னும் எண்பது ஆண்டுகள் நீடித்தது. சமயக் காரணங்களுக்காகச் சென்ற இவரது பணியில், பிற சபையினருடன் கொண்ட போட்டியும் கலந்திருந்தது. இவர் ஒருவரையே முன்னிறுத்தும் வரலாறு, அங்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான ஹவாய் மக்களையும், விரும்பியே உடன் சென்ற கோகுவாக்களையும் மறைத்துவிடுகிறது என ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

எனினும் சாவதற்கென ஒதுக்கப்பட்ட ஓரிடத்தில் குடிநீரும் வீடும் பாட்டும் முறையான கல்லறையும் வேண்டும் என்று வாதாடி, அவற்றைத் தம் கைகளாலும் நோயாளிகளின் கைகளாலும் உருவாக்கியதே இவரது சாதனையாகக் கருதப்படுகிறது. நோயாளிகளும் ஓர் ஊரில் வாழும் உரிமை உடைய மக்களே என்பதை இவரது வாழ்க்கை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.